பொறாமையும் கசப்பும் நீங்க நன்றி சொல்வது எப்படி: வரிசை தவறாத வழிகாட்டி

"கர்த்தருக்கு நன்றி சொல்லுங்கள், பொறாமை போய்விடும்" என்று சபையில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கேட்டவர் அன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து உணவு, உடை, உடல்நலம், பிள்ளைகள் என்று வரிசையாக எழுதுகிறார். சில நாட்கள் தொடர்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் அந்த நபரைப் பார்த்ததும் பழைய எரிச்சல் கொஞ்சமும் குறையாமல் எழும்புகிறது. "எனக்கு விசுவாசம் போதாது" என்று நோட்டை மூடி வைத்துவிடுகிறார்.

எங்கள் வீட்டு ஜெபக்குழுவில் பலரோடு உட்கார்ந்து இதைச் செய்து வருகிறேன். இப்படி நோட்டை மூடியவர்களில் பெரும்பாலோருக்கு விசுவாசக் குறைவு இருக்கவில்லை. அவர்கள் நான்காவது படியில் தொடங்கியிருந்தார்கள். கழுவாத புண்ணின்மேல் கட்டுப்போட்டால் எத்தனை நல்ல மருந்தும் வேலை செய்யாது. நன்றிக்கு முன்னால் செய்யவேண்டிய மூன்று காரியங்கள் இருக்கின்றன. அவற்றைச் செய்தபின், நன்றியை வலிக்கிற அந்த இடத்திலேயே தொடங்கவேண்டும்.

இரண்டு சூழ்நிலைகளை உதாரணமாக வைத்துக்கொண்டு போவோம். ஒன்று, பாடகர் குழுவில் பல வருடங்களாகப் பாடிவரும் ஒரு சகோதரி. இந்த வருடம் கிறிஸ்துமஸ் கீத ஆராதனையில் தனிப்பாடல் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டது. மற்றொன்று, படுக்கையில் கிடந்த தகப்பனை கடைசிவரை பார்த்துக்கொண்ட இளைய மகன். வீட்டை மூத்தவர் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டார்.

தொடங்குமுன் தேவையானவை

வேதாகமம், ஒரு தனி நோட்டு, பேனா. நோட்டு வேறு யார் கையிலும் கிடைக்காததாக இருக்கவேண்டும். முதல் சில பக்கங்களில் நீங்கள் எழுதப்போவது மற்றவர் வாசிக்கத் தகுந்ததல்ல.

சங்கீதம் 73, 1 சாமுவேல் 1 ஆகிய இரண்டையும் முதலில் ஒருமுறை நிதானமாக வாசித்துவிடுங்கள். சங்கீதம் 73-இல் 28 வசனங்கள்தான். பொறாமையும் மனக்கசப்பும் இரண்டும் ஒரே பாட்டில் வரும் இடம் அது. ஆலயத்தில் பாட்டு நடத்திய ஆசாபின் பெயரில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஊழியத்தில் இருப்பவருக்கு இதெல்லாம் வராது என்ற எண்ணம் அங்கேயே உடைந்துவிடும்.

ஒரு நம்பிக்கையான துணை தேவை. உங்கள் சபைக்கும் உறவு வட்டத்துக்கும் வெளியே இருப்பவராக இருந்தால் மிகவும் நல்லது. அதே பாடகர் குழுவில் இருக்கும் தோழியிடம் இதைச் சொன்னால், ஜெபக்குறிப்பு என்ற பெயரில் புறணி பரவிவிடும். சொன்னவருக்கும் கேட்டவருக்கும் அது புறணி என்றே தோன்றாது, ஆபத்தே அதுதான்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு நபர், ஒரே ஒரு காரியம். "எல்லாரையும் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது" என்று தொடங்குகிறவர்கள் எங்கும் போய்ச் சேருவதில்லை. எல்லாரிலும் அதிகமாக யாரை நினைத்தால் வயிறு எரிகிறதோ, அவரை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்களில் அந்த நபரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸையும் முகநூல் படங்களையும் மறைத்து வையுங்கள். மத்தேயு 20-இல் திராட்சத்தோட்டத்துக் கூலியாட்களைப் பாருங்கள். காலையில் வந்தவர்கள் நாளொன்றுக்கு ஒரு பணம் என்று சம்மதித்துத்தான் வந்தார்கள். பிந்தி வந்தவர்களுக்கும் அதே ஒரு பணம்தான் கிடைத்தது. அவர்களிலிருந்து கூலி கொடுக்கத் தொடங்கியதால்தான் மற்றவர் கையில் விழுந்ததை இவர்கள் பார்க்க நேர்ந்தது. முதலில் வாங்கியிருந்தால் அதே ஒரு பணத்தோடு திருப்தியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். இன்று நம் கைப்பேசி, மற்றவர் கூலி வாங்குவதை நாள் முழுதும் நமக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறது. இப்படி மறைத்து வைப்பதால் அவர்மேல் உறவு குறைந்துவிடாது. படிகள் முடிந்ததும் திறந்துகொள்ளலாம்.

இந்த வழிகாட்டியை இப்போது தொடங்கக்கூடாதவர்களும் உண்டு. வீட்டில் அடியும் மிரட்டலும் இன்றும் நடந்துகொண்டிருந்தால், முதல் வேலை பாதுகாப்பான இடத்துக்குப் போவது. இந்தியாவில் பெண்களுக்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது. தூக்கமும் பசியும் போய், வாழவே பிடிக்காத நிலை என்றால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணையும் அழைக்கலாம். அடிபடுகிறவரிடம் "நன்றியோடு இரு" என்று சொல்வது ஆலோசனை அல்ல, அநியாயம்.

1. பொறாமையா, கசப்பா என்று பிரியுங்கள்

இரண்டும் நெஞ்சில் ஒரே மாதிரி எரியும். ஆனால் வேறு வேறு. பொறாமையில் அந்த நபர் உங்களுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. அவருக்குக் கிடைத்தது உங்களுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கசப்பில் உண்மையாகவே ஒருவர் உங்களுக்குத் தீங்கு செய்திருக்கிறார். அது உள்ளே தங்கிப் புளித்துவிட்டது.

நோட்டில் இரண்டே கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். "அவர் எனக்கு என்ன செய்தார்?" "அவருக்கு என்ன கிடைத்தது?" முதல் கேள்விக்கு எழுத ஒன்றும் இல்லையென்றால் அது பொறாமை. எழுத இருக்கிறதென்றால் கசப்பு. பாடகர் குழு சகோதரி முதல் கேள்விக்கு, "அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சரியாகச் சிரிப்பதில்லை" என்று எழுதினால், அதை அடித்துவிடச் சொல்வேன். பொறாமைக்கு எப்போதும் ஒரு குற்றச்சாட்டு தேவைப்படும். கிடைக்காவிட்டால் அது தானே ஒன்றைச் செய்துகொள்ளும். ராஜாவாகிய சவுலுக்குத் தாவீது என்ன தீங்கு செய்தான்? பெண்கள் ஆடிப்பாடி, சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம் என்று கணக்குச் சொன்னார்கள். அன்றுமுதல் சவுல் அவனைக் காய்மகாரமாய்ப் பார்த்தான். மறுநாளே ஈட்டியை எறிந்தான்.

ஏன் பிரிக்கவேண்டும்? இரண்டுக்கும் மூன்றாம் படி வேறு. பொறாமைக்காரர் மனந்திரும்பவேண்டும். கசப்புள்ளவர் மன்னிக்கவேண்டும். மாற்றிச் செய்தால், ஒரு தீங்கும் செய்யாத பெண்ணை நீங்கள் "மன்னித்துக்கொண்டு" இருப்பீர்கள். உண்மையாகவே ஏமாற்றப்பட்ட தம்பி, "என்மேல்தான் தவறு" என்று தன்னையே அடித்துக்கொண்டு இருப்பார்.

இரண்டும் கலந்தே இருக்கும் இடங்களும் உண்டு. இளைய மகனுக்கு அண்ணன்மேல் இருப்பது கசப்பு. ஆனால் அண்ணன் பிள்ளைகள் நல்ல பள்ளியில் படிப்பதைப் பார்த்து எரிவது பொறாமை. தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

2. உள்ளதை உள்ளபடி ஆண்டவரிடம் சொல்லுங்கள்

பக்தியுள்ளவர்கள் தாண்டிப்போகும் படி இது. "ஆண்டவரே, என் இருதயத்தைச் சுத்திகரியும்" என்று பொதுவாக ஜெபித்துவிட்டு நன்றிக்குப் போய்விடுகிறார்கள்.

1 சாமுவேல் 1-இல் பிள்ளையில்லாத அன்னாளைப் பாருங்கள். அவள் கணவரின் மற்ற மனைவி பெனின்னாள் வருஷந்தோறும் அவளை நோகடித்தாள். அதுவும் சீலோவுக்குப் பலியிடப் போகும்போது, குடும்பமாகச் சாப்பிட உட்காரும் அந்த நேரத்தில். அன்னாள் அழுதுகொண்டு சாப்பிடாமல் இருந்தாள். பிறகு எழுந்து கர்த்தருடைய சந்நிதியில் மனங்கசந்து அழுதாள். உதடுகள் மாத்திரம் அசைந்தன. ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடிவெறிகொண்டவள் என்று நினைத்தார். தன் இருதயத்தைக் கர்த்தருக்கு முன்பாக ஊற்றிவிட்டதாகத்தான் அவள் பதில் சொன்னாள். அதன்பின் போய்ச் சாப்பிட்டாள். அவள் முகம் துக்கமுகமாக இருக்கவில்லை. மறுநாள் காலையில் பணிந்துகொண்டாள். சாமுவேல் பிறந்தது இதற்கெல்லாம் பிறகு. அவளுடைய ஸ்தோத்திரப் பாட்டு அடுத்த அதிகாரத்தில்தான் வருகிறது. ஊற்றுதல் முதலில், பாட்டு பின்னால். நாம் பின்பற்றும் வரிசையும் இதுவே.

நோட்டில் எழுதுவது இப்படி இருக்கவேண்டும்: "ஆண்டவரே, அவள் அந்தக் கடைசி வரியைப் பாடும்போது குரல் உடையவேண்டும் என்று விரும்பினேன். எல்லாரும் பாராட்டியபோது நான் செருப்பைத் தேடுவதுபோல் வெளியே போய்விட்டேன்." எழுதவே கூசுகிறதா? அப்படியானால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். "எனக்குச் சற்று வருத்தமாக இருந்தது" என்று எழுதினால் இன்னும் வரவில்லை. ஆசாப் தன்னைப்பற்றி, காரியம் அறியாத மூடன் என்றும் உமக்கு முன்பாக மிருகம்போலிருந்தேன் என்றும் சொல்கிறார். அந்த அளவுக்கு நேர்மை வேண்டும்.

கசப்புள்ளவர் நடந்ததை முழுவதுமாக எழுதட்டும். எந்தத் தேதி, யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள், எதை இழந்தேன். குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். எதை மன்னிக்கிறோம் என்று தெரியாமல் மன்னிக்க முடியாது.

எழுதியதைச் சத்தமாக வாசித்து ஜெபியுங்கள். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். ஆசாப் தன் மனதில் ஓடியதை வெளியே பேசியிருந்தால் தேவனுடைய பிள்ளைகளுக்குத் துரோகியாயிருப்பேன் என்று சொல்வது இதே சங்கீதத்தின் 15-ஆம் வசனம். ஆண்டவரிடம் எல்லாம் சொல்லலாம். சபையின் நடுவில் அல்ல.

இந்தப் படிக்கு ஒரே அமர்வு போதாமல் போகலாம். பழைய காயமென்றால் சில நாட்கள் இங்கேயே இருங்கள். அவசரப்படுத்த வேண்டாம்.

3. பொறாமையை அறிக்கையிடுங்கள், தீங்கை மன்னியுங்கள்

இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது.

பொறாமை என்று கண்டவர், அதைப் பாவமென்று பெயர் சொல்லி அறிக்கையிடவேண்டும். "என் சுபாவம் அப்படி", "நான் நியாயத்தைத்தான் கேட்கிறேன்" என்ற மூடிகளை எடுத்துவிடுங்கள். பிரதான ஆசாரியர்கள் பொறாமையினாலே இயேசுவை ஒப்புக்கொடுத்தார்கள் என்று ரோம ஆளுநர் பிலாத்துவுக்கே தெரிந்திருந்தது என்று மாற்கு எழுதுகிறார். சிலுவைக்குக் கொண்டுபோன பாவத்தைச் சின்னக் குறை என்று நாம் கடந்துபோக முடியாது. அதே சிலுவையில்தான் அதற்கு மன்னிப்பும் இருக்கிறது. அறிக்கையிட்டபின் மன்னிக்கப்பட்டதை நம்பி எழுந்துவிடுங்கள். தினமும் அதையே திரும்பத் திரும்ப அறிக்கையிடுவது தாழ்மை அல்ல. கத்தோலிக்கர் இதை ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (குருவிடம் செய்யும் பாவ அறிக்கைக்கு) கொண்டுபோகலாம். தலையான பாவங்கள் ஏழில் பொறாமையும் ஒன்று என்பது அவர்கள் மறைக்கல்வியில் படித்ததுதானே.

கசப்புள்ளவர் மன்னிக்கத் தொடங்கவேண்டும். "தொடங்க" என்று வேண்டுமென்றே சொல்கிறேன். ஜெபம் எளிதானதாக இருக்கட்டும்: "ஆண்டவரே, அண்ணன் எனக்குக் கொடுக்கவேண்டிய கணக்கை உம்மிடம் ஒப்படைக்கிறேன். பழிவாங்குவதில்லை என்று தீர்மானிக்கிறேன்." உணர்வு உடனே வராது. நாஜிகளின் ராவன்ஸ்ப்ரூக் வதைமுகாமில் அடைக்கப்பட்டு, அங்கே 1944 டிசம்பரில் தன் அக்காவை இழந்தவர் டச்சுப் பெண்மணி கோரி டென் பூம். 1947-இல் மியூனிக் நகரில் மன்னிப்பைக் குறித்துப் பேசி முடித்தபோது, அந்த முகாமின் பழைய காவலர் ஒருவர் வந்து கை நீட்டினார். கோரியால் கையை உயர்த்தவே முடியவில்லை. உதவி கேட்டு உள்ளுக்குள் ஜெபித்து, உணர்வில்லாமலேயே கையை நீட்டினார். அன்பு அதன்பிறகே வந்தது என்று அவரே சாட்சி சொல்லியிருக்கிறார். தீர்மானம் முன்னே போகும், உணர்வு பின்னே வரும். உணர்வுக்காகக் காத்திருப்பவர் இந்தப் படியிலேயே நின்றுவிடுவார்.

மன்னிப்பதும் மறுபடி நம்புவதும் ஒன்றல்ல. யோசேப்பு, தன்னை அடிமையாக விற்ற சகோதரர் எகிப்துக்கு வந்ததும் உடனே கட்டிக்கொள்ளவில்லை. தம்பி பென்யமீனை அவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று சோதித்துப் பார்த்தார். யூதா தம்பிக்குப் பதிலாகத் தானே அடிமையாக இருக்கிறேன் என்று முன்வந்தபோதுதான் அழுது தன்னை வெளிப்படுத்தினார். சொத்துக்கணக்கைச் சட்டப்படி கேட்க இளைய மகனுக்கு உரிமை உண்டு. பழியுணர்ச்சி இல்லாமல் கேட்கும் அளவுக்கு மனம் தெளிவதற்குத்தான் இத்தனையும்.

4. வலிக்கிற இடத்திலேயே நன்றியைத் தொடங்குங்கள்

இப்போது நன்றி. இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும்.

முதல் விதி: எதில் குறைவு என்று எரிந்தீர்களோ, அதே துறையில் நன்றி சொல்லுங்கள். பாட்டு விஷயத்தில் பொறாமை என்றால் "நல்ல வீட்டுக்காக ஸ்தோத்திரம்" என்று எழுதுவதால் எரிச்சல் தணியாது. பாட்டிலேயே ஆண்டவர் என்ன கொடுத்தார் என்று தேடவேண்டும். வேறு இடத்தில் நன்றி சொல்லிவிட்டு இந்த இடத்தைத் தொடாமல் விட்டால், "இந்த ஒன்றில் மட்டும் தேவன் எனக்கு வஞ்சனை செய்தார்" என்ற எண்ணம் அங்கேயே பத்திரமாக இருக்கும். பொறாமையின் அடியில் இருப்பது தேவனைப்பற்றிய அந்தச் சந்தேகம்தான். திராட்சத்தோட்டத்து எஜமான், "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?" என்று கேட்டது அதைத்தான்.

இரண்டாம் விதி: நடந்த ஒன்றை எழுதுங்கள். பாடகர் குழு சகோதரி முதல் நாளில் எழுதக்கூடியது இப்படி இருக்கும்:

"என் குரலுக்காக ஸ்தோத்திரம். பாடகர் குழுவுக்காக ஸ்தோத்திரம். ஆலயத்துக்காக ஸ்தோத்திரம்."

இது தவறல்ல. ஆனால் இதில் எதுவும் கண்முன் நிற்கவில்லை. கொஞ்சம் நேரம் உட்கார்ந்து நினைத்தபின் எழுதினால்:

"ஒன்பது வயதில் ஞாயிறு பள்ளி விழாவில் வரியை மறந்து நின்றபோது, ஆசிரியை முன்வரிசையிலிருந்து உதடு அசைத்துச் சொல்லிக்கொடுத்தார். அன்று ஓடிப்போயிருந்தால் நான் இன்று பாடமாட்டேன். ஸ்தோத்திரம். புதன்கிழமை ஒத்திகையில் ஆல்டோ வரியை விட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற அக்கா எனக்கு மட்டும் கேட்கும்படி எடுத்துக்கொடுத்தார். ஸ்தோத்திரம். அப்பா இறந்தபோது, 'பாட வராது' என்று நினைத்த அந்த அடக்க ஆராதனையில் என்னால் பாட முடிந்தது. ஸ்தோத்திரம்."

வித்தியாசத்தைப் பாருங்கள். இரண்டாவதில் ஆண்டவரின் கையும் தெரிகிறது, மனிதரின் கையும் தெரிகிறது. சங்கீதம் 136-உம் இப்படித்தான். அதன் 26 வசனங்களிலும் அவர் கிருபை என்றுமுள்ளது என்பது திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் பெரும்பாலும் அதற்குமுன் அவருடைய ஒரு செயல் சொல்லப்படுகிறது: சிவந்த சமுத்திரத்தில், வனாந்தரத்தில், சீகோன், ஓக் என்ற ராஜாக்களுக்கு எதிராக. ஒரு நாளுக்கு மூன்று வரி போதும். பெரிய பட்டியல் போடுகிறவர்கள் சீக்கிரமே பழைய வரிகளையே திருப்பி எழுதத் தொடங்குவார்கள்.

மூன்றாம் விதி: யாரையும் கீழே வைத்து நன்றி சொல்லாதீர்கள். "அந்தப் பெண்ணைப்போல் நான் பெருமைக்காரியாக இல்லாததற்காக ஸ்தோத்திரம்." "எத்தனையோ பேருக்கு இதுகூட இல்லை, எனக்கு இருக்கிறதே." இரண்டாவது நல்ல நன்றிபோலத் தோன்றும். ஆனால் லூக்கா 18-இல் தேவாலயத்தில் நின்ற பரிசேயனும் நன்றிதான் சொன்னான்: இந்த ஆயக்காரனைப்போல் இராததற்காக. மேலே பார்த்து எரிவதும் கீழே பார்த்து ஆறுவதும் ஒப்பிடும் பழக்கத்தின் இரண்டு திசைகள். கீழே பார்த்து ஆறுதல் தேடிப் பழகினால், மறுநாள் மேலே பார்க்கும்போது எரியத்தான் செய்யும். இந்தத் தவறைத்தான் மிக அதிகமாகப் பார்க்கிறேன். சாட்சி நேரங்களில்கூட நாம் இதைக் கேட்டு ஆமென் சொல்கிறோம். உங்கள் நோட்டில் இன்னொருவரின் குறை நன்றிக்குக் காரணமாக வந்திருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

நான்காம் விதி கசப்புள்ளவருக்கு: தீமைக்கு நன்றி சொல்லவேண்டாம். "அண்ணன் வீட்டை எழுதி வாங்கியதற்காக ஸ்தோத்திரம்" என்று யாரும் உங்களைச் சொல்லச் செய்யவேண்டியதில்லை. யோசேப்பு தன் சகோதரரிடம், நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள் என்று நேராகச் சொல்லிவிட்டுத்தான், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்றார். தீமையைத் தீமை என்றே சொல்லுங்கள். நன்றி, அந்தத் தீமையின் நடுவில் உங்களோடு இருந்தவருக்கு. இளைய மகன் எழுதக்கூடியது: "கடைசி மாதத்தில் அப்பாவுக்கு முகம் வழித்துவிடும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். அந்த நேரம் எனக்குக் கிடைத்தது. யார் பெயருக்கும் அதை எழுதி வாங்க முடியாது. ஸ்தோத்திரம்."

வரி எதுவும் வராத நாட்கள் இருக்கும். அன்று சங்கீதம் 73:23-ஐ அப்படியே எழுதுங்கள்: "ஆனாலும் நான் எப்பொழுதும் உம்மோடிருக்கிறேன்; என் வலதுகையைப் பிடித்துத் தாங்குகிறீர்." வரண்ட நாளுக்கு அது போதும்.

5. அவருக்குக் கிடைத்ததற்காக நன்றி சொல்லுங்கள்

எல்லாவற்றிலும் கடினமான படி. நான்காம் படியில் கொஞ்ச நாட்கள் நிலைத்தபின்தான் இங்கே வரவேண்டும். முன்கூட்டியே வந்தால் வாய் ஒன்று சொல்லும், நெஞ்சு பல்லைக் கடிக்கும்.

யோவான் ஸ்நானகனின் சீஷர்கள் அவரிடம் ஓடிவந்து, எல்லாரும் இயேசுவிடம் போகிறார்கள் என்று முறையிட்டார்கள். பரலோகத்திலிருந்து கொடுக்கப்பட்டாலொழிய ஒருவன் ஒன்றையும் பெற்றுக்கொள்ளமாட்டான் என்பதே அவருடைய முதல் பதில். அந்த வாக்கியம்தான் இந்தப் படியின் அஸ்திபாரம். அந்தப் பெண்ணின் குரல் உங்களிடமிருந்து திருடப்பட்டதல்ல. கொடுத்தவர் உங்கள் தகப்பன்.

ஜெபம் ஒரே ஒரு வாக்கியம்: "ஆண்டவரே, அவளுக்கு அந்தக் குரலைக் கொடுத்ததற்காக உமக்கு நன்றி." அதோடு நிறுத்துங்கள். "அதேபோல் எனக்கும் தாரும்" என்று சேர்க்காதீர்கள். கேட்பது தவறில்லை, அன்னாளும் கேட்டாள். ஆனால் அது வேறு ஜெபம். வேறு நேரத்தில் கேளுங்கள். இரண்டையும் சேர்த்தால், அவருக்காகச் சொல்லும் நன்றி உங்கள் விண்ணப்பத்துக்கு முன்னுரையாகச் சுருங்கிவிடும்.

அதன்பின் அவருக்காக ஒரு விண்ணப்பம். அவர் எதில் வளர்வதைப் பார்த்து எரிந்தீர்களோ, அதிலேயே அவர் இன்னும் வளரும்படி கேளுங்கள். முதல் நாட்களில் தொண்டை அடைக்கும். அடைத்தால் நின்று, "எனக்கு இது வரவில்லை, உதவி செய்யும்" என்று சொல்லிவிட்டு மறுபடி முயலுங்கள்.

கசப்புள்ளவருக்கு இந்தப் படி வேறு மாதிரி. அண்ணனுக்குக் கிடைத்த வீட்டுக்காக நன்றி சொல்லவேண்டாம். அது அநியாயமாக வந்தது. அண்ணனிலோ அவர் குடும்பத்திலோ உண்மையில் நல்லதாக இருக்கும் ஒன்றைக் கண்டுபிடித்து அதற்காக நன்றி சொல்லுங்கள். கொரிந்து சபை பவுலை எத்தனை நோகடித்தது என்று அந்த நிருபங்களை வாசித்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் முதலாம் நிருபத்தை அவர்களுக்காக நன்றி சொல்லித்தான் தொடங்குகிறார். அவர்களுக்கு உண்மையாகவே இருந்த வரங்களைக் குறிப்பிடுகிறார். அடுத்த வசனங்களிலேயே கண்டிப்புக்கும் போய்விடுகிறார். நன்றி அவருடைய வாயை அடைக்கவில்லை.

6. கையால் ஒன்றைச் செய்யுங்கள்

நோட்டிலேயே முடிந்தால் அது நோட்டிலேயே இருந்துவிடும். ஒரு சிறிய செயல் வேண்டும். சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள் என்று ரோமர் 12:15 சொல்வது, போய் நின்று செய்யவேண்டிய காரியம். அவர் வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு அழைத்தால் போங்கள்; கடைசி வரிசையில் உட்கார்ந்து முதலில் எழுந்து வராமல், சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அந்தப் பெண்ணிடம், "இரண்டாவது சரணத்தில் மூச்சை எங்கே எடுத்தாய்? அழகாக இருந்தது" என்று கேளுங்கள். "நல்லா இருந்தது" என்று பொதுவாகச் சொல்வதைவிட இப்படிக் கேட்பது கடினம். உண்மையாகக் கேட்டிருந்தால்தான் சொல்ல முடியும். அவள் இல்லாத இடத்தில் யாராவது அவளைக் குறை சொன்னால், அவளிடம் இருக்கும் நல்லது ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள். இதுதான் செயல்களில் மிகுந்த பலன் தருவது.

சபையில் வருடந்தோறும் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் தருகிறார்கள். பிறந்தநாள், திருமணநாள், சுகம் பெற்றது என்று காரணம் எழுதுகிறோம். இன்னொருவருக்குக் கிடைத்த நன்மைக்காக ஒரு காணிக்கை போடுங்கள். கவரில் பெயர் எழுதவேண்டாம். யாருக்கும் சொல்லவும் வேண்டாம்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. உள்ளம் இளகிய வேகத்தில் அந்த நபரிடம் போய், "உன்மேல் எனக்கு இத்தனை நாள் பொறாமையாக இருந்தது, மன்னித்துவிடு" என்று சொல்லாதீர்கள். உங்கள் பாரம் இறங்கும். ஒன்றும் அறியாத அவர்மேல் அது ஏறிவிடும். அதற்குப்பின் உங்கள் முன் பாடும்போதெல்லாம் அவர் உங்கள் முகத்தையே பார்ப்பார். மனதில் மட்டும் இருந்ததை ஆண்டவரிடமும் உங்கள் துணையிடமும் சொன்னால் போதும். ஆனால் அவரைப்பற்றித் தவறாகப் பேசியிருந்தால், அவர் வாய்ப்பைக் கெடுத்திருந்தால், அந்தச் செயலுக்காகப் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும். யாரிடம் பேசினீர்களோ அவர்களிடமும் திருத்திச் சொல்லவேண்டும்.

7. மறுபடி தலைதூக்கும்போது

தலைதூக்கும். அதனால் செய்ததெல்லாம் வீண் என்று எண்ணவேண்டாம். எப்போது வரும் என்று முன்பே கணித்து வையுங்கள்: பிளஸ் டூ தேர்வு முடிவு நாள், கல்யாண மாதங்கள், ஞானஸ்நான ஆராதனை, சபைக்குழுத் தேர்தல், அசன விருந்தில் யாருக்கு எந்த மரியாதை என்று தெரியும் நேரம், குடும்பமாகக் கூடும் கிறிஸ்துமஸ். குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிக்கு ஒவ்வொரு ஞானஸ்நானமும் ஒரு மலையேற்றம். அந்த ஞாயிறுக்கு முந்தின இரவே இரண்டாம் படியைச் செய்துவிடுங்கள். அழவேண்டியதை வீட்டில் அழுதுவிட்டால், ஆலயத்தில் ஆமென் சொல்வது சற்று எளிதாகும். அன்று போகவே முடியவில்லையென்றால் போகாதிருங்கள். அதற்காகக் குற்றவுணர்வு வேண்டாம்.

திடீரென்று வந்தால், ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய குறுக்கமான வடிவம்: உள்ளுக்குள் பெயர் சொல்லுங்கள், "இது பொறாமை." அறிக்கையிடுங்கள். வலிக்கிற அதே இடத்தில் உங்களுக்குக் கிடைத்த ஒன்றை நினையுங்கள். அவருக்காக ஒரு வாக்கியம் சொல்லுங்கள். வரிசை மாறவில்லை, நேரம்தான் குறைந்தது.

பேதுருவும் உயிர்த்தெழுந்த ஆண்டவரோடு நடந்துபோகும்போது திரும்பி யோவானைப் பார்த்து, இவன் காரியம் என்ன என்று கேட்டான். மூன்றுமுறை, "என் ஆடுகளை மேய்" என்று பொறுப்பை வாங்கிய சற்று நேரத்தில்! அதனாலே உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா என்ற பதில், நெருக்கடியான நேரங்களில் ஜெபிக்கத் தகுந்த மிகச் சுருக்கமான வாக்கியம். நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

எரிச்சல் தணிந்தபின், தினசரி ஜெபத்தில் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த ஆன்ம சோதனை (தன்னைத்தானே ஆராய்ந்து பார்க்கும் ஜெபம்), பெற்ற நன்மைகளுக்காகத் தேவனுக்கு நன்றி சொல்வதில்தான் தொடங்குகிறது. குறைகளைப் பார்ப்பது அதற்குப்பின். சாதாரண நாட்களுக்கு அது மிக நல்ல வரிசை. பழைய காயம் ஒன்று திறந்திருக்கும் நாட்களுக்குத்தான் மேலே சொன்ன வரிசை.

8. அடுத்த நபருக்கு எப்போது போவது

எரிச்சல் முழுவதும் மறைந்தபின் என்று காத்திருக்கவேண்டாம். மூன்று அடையாளங்களைப் பாருங்கள். அவர் பெயர் பேச்சில் வரும்போது பேச்சை மாற்றவேண்டும் என்று தோன்றாமல் இருப்பது. அவருக்கு ஒரு கஷ்டம் என்று கேள்விப்படும்போது உள்ளே இரகசியமாக ஒரு நிம்மதி எழாமல், உண்மையாகவே மனம் வருந்துவது. அவருக்கு இன்னொரு நன்மை வந்ததை இரண்டாவது கையாகக் கேட்காமல் அவரிடமே போய்க் கேட்க முடிவது. இவற்றில் நடுவில் உள்ளதே மிகவும் நம்பத்தகுந்தது. அதை நடிக்க முடியாது.

கசப்புக்கு அடையாளம் வேறு. நடந்ததை ஒருவருக்குச் சொல்லும்போது கூட்டிச் சொல்லவேண்டும் என்ற ஆசை இல்லாமல், உள்ளதை மட்டும் சொல்லி முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். எபிரெயர் 12:15 கசப்பான வேரைக் குறித்து எச்சரிப்பது, அதனால் அநேகர் தீட்டுப்படுவார்கள் என்பதற்காக. உங்கள் பிள்ளைகள் பெரியப்பாவைப்பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனித்தால், வேர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அவர்கள் வாயில் உங்கள் பழைய வார்த்தைகள் வந்தால், இரண்டாம் படிக்குத் திரும்பிப் போங்கள். இந்த முறை பிள்ளைகளிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இரண்டாம் படியில் எழுதிய பக்கங்களைக் கிழித்து எரித்துவிடுங்கள். நான்காம் படியின் பக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நபரோடு தொடங்கும்போது, நோட்டின் அந்தப் பகுதியை முதலில் ஒருமுறை வாசித்துவிட்டு, புதிய பக்கத்தில் அவர் பெயரை எழுதுங்கள்.